மாதம்மாள் வைத்துக்கொண்ட பாட்டில்

தென்பெண்ணை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் படகை நிறுத்தி, பாட்டிலைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை அங்கே போய்த் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அப்போது என் வேலை. படகோட்டி துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. கடல் கெட்டுவிட்டது என்று எழுதி, மீனை யாரும் வாங்காமல் செய்ய வந்தவள் என்று என்னைப் பற்றி ஓர் எண்ணம்.

"மாசா மாசம் வந்து கடலையே கேக்குறியேம்மா. இது எல்லாம் வந்து சேர்ற இடம். வுட்டவன் யாருன்னு மேல போயி ஒரு நாளாவது கேட்டியா?"

"மேலன்னா எங்கங்க?"

"ஆத்துக்கு மேலதான். உனக்கு எந்த ஊரு?"

"தருமபுரிங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப உங்க ஊரு அழுக்கத்தான் இங்க வந்து பாட்டில்ல புடிச்சிகினு இருக்கியா?"

பாட்டிலை மூடாமல் அப்படியே நின்றேன். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் கைபேசி வரைபடத்தில் ஆற்றின்மேல் விரலை வைத்து மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தேன். விரல் அரூர்ப் பக்கம் வந்து நின்றது. கடலில் நான் தேடிக்கொண்டிருந்ததன் தொடக்கம் என் மாவட்டத்திலேயே ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று பேருந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மேலே போக வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். அந்த "யாரோ ஒருவரை" அன்றைக்கே கூடச் சேர்த்துக்கொண்டதுதான் பிழை.

திங்கட்கிழமை நீங்கள் மூவரும் அரூர் அறையில் வேலைக்குச் சேரும்போது நான் கடற்கரைக்கு மாறியிருப்பேன். சாவி, பதிவேடு, குளிர்பெட்டி எல்லாம் மேசையில் இருக்கும். பதிவேட்டில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நான் பழுத்த ஆள் கிடையாது. மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் உங்களுக்கு முன்னால் நான் செய்துவிட்ட தவறு ஒன்று இருக்கிறது, அதை நீங்களும் செய்வீர்கள் என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் நீங்களும் என்னைப் போலவே அவசரக்காரர்கள் என்று நேர்காணலில் பார்த்தேன்.

நாம் தேடுவது எது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஊரில் யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது என்பதற்காக எழுதுகிறேன். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓட வேண்டும் என்று துணியிலும், தோசைக்கல்லிலும், தார்ப்பாயிலும் பூசுகிற சில வேதிப்பொருட்கள். வெயிலில் கரையாது, மண்ணில் மக்காது, தண்ணீரில் சேர்ந்தால் கடல் வரைக்கும் போகும், மீனில் தங்கும். துளியிலும் துளி அளவுதான் இருக்கும். அதனால்தான் தண்ணீர் எடுக்கிறவர்களே, தங்களை அறியாமல், அதைக் கொண்டுபோய்க் கலந்துவிட முடியும். கடைசி வாக்கியத்தை நான் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். அரூரிலிருந்து மலைப்பக்கம் போகும் பேருந்தில் முக்கால் மணி நேரம். சித்தேரி மலையிலிருந்து வரும் ஓடை ஒரு கால்வாயாகி அந்த ஊர் ஏரியை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். ஆறு, படகோட்டி சொன்ன இடத்துக்குப் போகும்.

ஊர் மொத்தமும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் எது என்று விசாரித்தேன். காலையில் பால் சொசைட்டி என்றார்கள். போய் நின்றேன். கேன்களோடு வரிசை. எல்லார் கண்ணும் என் பையில்.

"ரோடு அளக்க வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க. ஏரித் தண்ணி எடுத்துச் சோதிக்க வந்திருக்கேன்."

"போன தடவ வந்தவங்களும் தண்ணின்னுதான் சொன்னாங்க. சாயந்தரம் பாத்தா வயல்ல கல்லு நட்டுட்டுப் போயிட்டாங்க."

"வுடுங்க, பாத்தா படிச்ச பொண்ணாட்டம் தெரியுது," என்று ஒரு பெண் எனக்காகப் பேசினாள்.

"கல்லு நடறவங்க என்ன படிக்காதவங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெயர் மாதம்மாள் என்று பிறகு தெரிந்தது. கேனை இறக்கி வைத்துவிட்டு என் அருகில் வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"எத்தினி பாட்டிலு எடுப்பீங்க?"

"ஓர் எடத்துல ஒண்ணுங்க."

"ரெண்டா எடுங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு."

"உங்களுக்கு எதுக்குங்க? சோதிக்கறதுக்குப் பெரிய மெஷின் வேணுமே."

"சோதிக்கறதுக்கு இல்லம்மா. வெச்சிருக்கறதுக்கு."

சொசைட்டிச் செயலாளர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "அந்தம்மா சொன்னா செஞ்சுடுங்க மேடம். நான் பட்டது போதும்." ஒருமுறை மாதம்மாளின் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று கருவி காட்டியிருக்கிறது. அவர் கேனை நடு வாசலில் வைத்துவிட்டு நகரவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொசைட்டியில் ஒரு வழக்கம். தகராறு வந்தால் அதே பாலில் இரண்டு பாட்டில். இரண்டாவது பாட்டிலின் மூடிமேல் காகிதம் ஒட்டி, ஊற்றியவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டு, நூல் சுற்றி, சொசைட்டி பிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். யாருக்கு யார்மேல் சந்தேகம் வந்தாலும் அது அங்கே இருக்கும்.

சரி என்றேன். அந்த யோசனையின் மதிப்பு புரிந்து சொல்லவில்லை. ஊரைக் கையில் போட்டுக்கொள்ள இது நல்ல வழி, அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு பத்தி எழுதலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

ஏரிக்கு வரும் கால்வாயை ஒட்டி ஒரு தார்ப்பாய்ப் பட்டறை இருந்தது. லாரித் தார்ப்பாய்களைக் கழுவி, கிழிசலைத் தைத்து, மழை ஒழுகாமல் ஏதோ பூசிக் கொடுப்பார்கள். ஓசூரில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்த முருகேசன் என்ற முப்பது வயதுக்காரர் நடத்தினார். ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர் அங்கே தைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன். நான் தேடிய சுவர் இதுதான்.

பின்பக்கக் கொட்டகையில் நீல டிரம்கள் தெரிந்தன. பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணுமில்லைங்க," என்று முருகேசன் கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க பூட்டு?"

"எங்க பட்டறை, எங்க பூட்டு. உங்களுக்கு ஏரிதானே வேணும்? ஏரி அந்தப் பக்கம்."

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்காமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் ஏரிக்கு நடந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. முந்தின நாள் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் வாங்கிய நீல மழைக்கோட்டு பையில் இருந்தது, புது வாடைகூடப் போகாமல். புது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது நம் விதிப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கிறது. கரைக்குப் போய்க் கழற்றிவிடலாம் என்று போட்டுக்கொண்டேன். கரைக்குப் போனபோது மழை வலுத்திருந்தது.

மாதம்மாள் சணல் கோணியை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். நான் ஒரு பாட்டில், பக்கத்தில் அவர் ஒரு பாட்டில். செயலாளர் குடைக்குள் நின்று கைபேசியில் படம் எடுத்தார். "ஆதாரத்துக்குங்க," என்றார். எதிர்க்கரையில் பட்டறை வாசலில் முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் தானாக நிரம்பியது.

மாதம்மாளின் பாட்டில் மூடியில் காகிதம் ஒட்டி, குடைக்கு அடியில் அவரும் நானும் கையெழுத்துப் போட்டு நூல் சுற்றினோம். இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு முறையும் ஆய்வகத்திலிருந்து சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோவோம். தண்ணீர் எடுக்கும் அதே இடத்தில், அதே கையால், அதைத் திறந்து வேறொரு பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் ஏதாவது அகப்பட்டால் அது ஏரியிலிருந்து வந்ததில்லை, நம்மிடமிருந்து வந்தது. நம்மை நாமே பிடிப்பதற்கான பொறி அது.

திருப்பத்தில் பேருந்து ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்து. ஓடிப்போய் ஏறிவிட்டேன். மாலையில் அரூர் அறையில், மழைக்கோட்டைக் குளியலறையில் உலர்த்திவிட்டு, கை கழுவி, மேசையைத் துடைத்து, நிதானமாக பிளாங்க் ஊற்றினேன். பதிவேட்டில் 'களத்தில்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பொய் எழுதுகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. விட்டுப்போன வேலையை முடித்துவிட்ட திருப்திதான் இருந்தது.

ஆய்வகத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் என்னோடு படித்த தோழி. இரண்டு வாரம் கழித்து அழைத்தாள்.

"உன் ஏரி பாட்டில் கத்துதுடி. கடல்ல பாத்ததைவிடப் பல மடங்கு."

"பிளாங்க்?"

"பிளாங்க் சுத்தம். ஆனா இன்னொரு தடவை எடுத்துட்டுப் பேசு. யார்கிட்டயும் இப்ப சொல்லாத."

மறுநாள் காலையே சொசைட்டி வாசலில் நின்றேன். பட்டறை என்று ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. "ஏரியில கலந்திருக்குங்க. கால்வாய்ப் பக்கம் ஏதாவது பூசற வேலை, கழுவற வேலை நடந்தா அதிலிருந்து வரலாம்" என்று மட்டும் சொன்னேன். வரிசையில் இருந்த எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பெயரைச் சொல்லாமல் ஒருவரைக் காட்டிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மதியத்துக்குள் ஊர் ஆட்கள் பட்டறைக் கதவில் தங்கள் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். முருகேசன் சண்டை போடவில்லை. அதுவே எனக்கு ஒப்புதல் வாக்குமூலம் போலத் தெரிந்தது. ஒன்பது பெண்களும் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே நின்றார்கள். அவர்களில் பவுனு என்பவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு எங்கம்மா வேலைக்கு வரட்டும்? உங்க லேபுக்கா?"

"கொஞ்ச நாளைக்குத்தாங்க. சரி பண்ணிட்டா..."

"யாரு சரி பண்றது? நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க."

அவளுக்குப் பின்னால் மாதம்மாள் நின்றிருந்தார். "எங்க பாட்டிலப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. ஒண்ணு பாத்தாப் போதும். அதே தண்ணிதானே."

"அப்ப எதுக்கு ரெண்டு எடுத்தோம்?"

சொசைட்டி பிரிட்ஜிலிருந்து அதையும் வாங்கிக்கொண்டேன். பேருந்துக்கு நிற்கும்போது செயலாளர் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "மேடம், ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்குங்க. முருகேசன் அந்தம்மாவோட அக்கா பையன்."

பேருந்தில் என் மடியில் அந்த இரண்டாவது பாட்டில், குளிர்பெட்டிக்குள். அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இத்தனை நாள் யார் கையில் இருந்தது? தினம் இரண்டு வேளை சொசைட்டிக்கு வருகிறவர். முதல் நாளே அவர் ஏன் இரண்டாவது பாட்டில் கேட்டார்? எனக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இப்படிப் பொருந்தும்போதுதான் நீங்கள் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை, மகிழ்ந்தேன்.

கெஞ்சிக் கேட்டதால் தோழி அதை உடனே இயந்திரத்தில் ஓட்டினாள். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. அதே ஏரி, அதே இடம், அதே கால் மணி நேரம். ஆனால் இந்தப் பாட்டிலில் மிகக் கொஞ்சமாகத்தான் இருந்தது.

"மாத்திட்டாங்க," என்றேன். "அந்தம்மா பட்டறைக்காரரோட சித்தி. பிரிட்ஜ் அவங்க ஊர்ல இருக்கு. மாத்தி வேற தண்ணி ஊத்திட்டாங்க."

"மூடியில ஒட்டின காகிதம் எப்படி இருந்துச்சு?"

"கிழியல."

"நூலு?"

"அப்படியே இருந்துச்சு."

"கையெழுத்து யாரோடது?"

"ஒண்ணு அவங்களோடது. ஒண்ணு என்னோடது."

"உன் கையெழுத்தையே நீ சந்தேகப்படுறியா?" என்றாள். பிறகு, "பிளாங்க எங்க தொறந்த?" என்று கேட்டாள்.

'ஏரியில்' என்று சொல்ல வாய் திறந்தேன். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

"ரூம்ல," என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அன்னைக்கு என்ன போட்டிருந்த?" என்று மட்டும் கேட்டாள். சத்தியமாக எனக்கு நினைவில்லை. முருகேசன் போட்டிருந்த சட்டை நினைவிருந்தது, கட்டம் போட்ட சட்டை. நான் போட்டிருந்தது நினைவில்லை.

செயலாளரிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினேன். இப்போது அது அரூர் அறையில் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, திங்கட்கிழமை பார்ப்பீர்கள். நான் குனிந்திருக்கிறேன். நீல மழைக்கோட்டின் கை பாட்டில் வாய்க்கு நேர்மேலே இருக்கிறது. முழங்கையிலிருந்து தண்ணீர் கம்பியாக இறங்குகிறது. என் முகம் பாட்டில் பக்கமே இல்லை, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மாதம்மாள். கோணிக்கு அடியில் அவருடைய இரண்டு கண்ணும் பாட்டில் வாயில் இருக்கின்றன.

கோட்டின் கையைச் சுத்தமான தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை அனுப்பினேன். "இது கத்தலடி," என்றாள் தோழி. "அலறுது."

நெருக்கடி என்றால் என்ன என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். படகு கவிழ்வது, பாட்டில் உடைவது என்று. என் நெருக்கடி ஒரு மின்னஞ்சல் வடிவத்தில் இருந்தது. 'முதல் மாதிரியில் தெளிவின்மை உள்ளதால் மீண்டும் எடுக்கப்படும்.' ஒரே வரி, ஒரு பொய்யும் இல்லை. மேலிடத்துக்கு அனுப்பினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஊரில் பேச்சு தானாக அடங்கும். அந்த வரியை அடித்து வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் 'தெளிவின்மை' என்ற சொல் யாருடையது என்று இல்லை. அந்தச் சொல்லுக்குள் முருகேசனும் இருந்தார், நான் இல்லை. அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன், டிக் அடித்த கட்டம் உட்பட. மறுநாள் முதல் பேருந்தில் ஊருக்குப் போனேன்.

அதே வரிசை, அதே கேன்கள். மழைக்கோட்டைக் கையில் கொண்டுபோயிருந்தேன். தூக்கிக் காட்டினேன்.

"ஏரியில நான் சொன்ன அளவு வெஷம் இல்லைங்க. அது இந்தக் கோட்டுல இருந்து என் பாட்டில்ல விழுந்தது. தப்பு என்னோடது. நம்ம கையில இருந்து விழுதான்னு பாக்க ஒரு சோதனை இருக்குது, அதையும் நான் ஏரியில செய்யாம ரூம்ல செஞ்சேன். செஞ்சதா எழுதிட்டேன்."

பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் கேனை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப ஏரி சுத்தமா?" என்று ஒருவர் கேட்டார்.

"சுத்தம்னு சொல்ல மாட்டேங்க. கொஞ்சம் இருக்குது. எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியல."

"இந்தத் 'தெரியல'ய அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணுங்க."

"கோட்டுக்காரம்மா," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. உங்களிடமும் 'கோட்டுக்காரம்மா ஆபீஸா?' என்றுதான் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள்.

முருகேசன் சிரிக்கவில்லை. "ஒரு வாரத்துக்கு மேல பட்டறை பூட்டிக் கெடக்குது. தார்ப்பாய் கொண்டாந்த லாரிக்காரங்க வேற எடம் பாத்துட்டாங்க. பூட்டத் தொறந்துடுவாங்க, சரி. வெஷப் பட்டறைன்னு வெச்ச பேர யாருங்க எடுப்பா?"

அந்தப் பெயரை எடுக்கும் வழி என்னிடம் இல்லை. இப்போதும் இல்லை; ஊரின் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். பூட்டு அன்றே திறக்கப்பட்டது. வேலைக்கு எட்டுப் பெண்கள்தான் வந்தார்கள். பவுனு அதற்குள் வேறு ஊரில் செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். இரண்டு முறை சொல்லி அனுப்பினோம். அவள் திரும்பி வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மாதம்மாள் காலிக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நான் தண்ணிய மாத்திட்டேன்னு நெனச்சீங்கதானே?"

"ஆமாங்க."

"நீங்க மாத்துவீங்கன்னு நெனச்சுத்தான் நானும் ரெண்டாவது பாட்டிலு கேட்டேன்," என்றார். "சரியாப் போச்சு, போங்க."

அன்றே மறுபடி தண்ணீர் எடுத்தோம். மாதம்மாள், முருகேசன், செயலாளர், நான். என் பையைக் கரையில் கொட்டி ஒவ்வொரு பொருளையும் எதற்கு என்று கேட்டார் மாதம்மாள். பிளாங்க் பாட்டிலை அவரே ஏரிக்கரையில் திறந்தார். ஏரியில் இரண்டு பாட்டில், பட்டறைக்குக் கீழே கால்வாயில் இரண்டு, பட்டறைக்கு மேலே இரண்டு. வந்த முடிவு மாதம்மாளின் பாட்டில் சொன்னதையே சொன்னது. கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குக் கீழே இருக்கும் அதே கொஞ்சம், பட்டறைக்கு மேலேயும் இருக்கிறது.

அந்த முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, யாரும் கேட்காமலேயே முருகேசன் கொட்டகைப் பூட்டைத் திறந்தார். நீல டிரம்கள் நான்கு. ஒன்றிலும் பெயர் இல்லை. ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருந்தது.

"நான் சுரண்டலைங்க. வாங்கும்போதே இப்படித்தான் குடுத்தாங்க. உள்ள என்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாது. நீங்க கேட்டா என்னான்னு சொல்றது? தெரியாததுக்குத்தாங்க பூட்டு."

அவரை நான் அப்போது முழுதாக நம்பினேனா? இல்லை. இன்றைக்கும் பாதிதான். அவரும் என்னைப் பாதிதான் நம்புகிறார். டிரம்மிலிருந்து எடுக்கும்போது, "எனக்கும் ஒரு பாட்டிலு," என்றார். கொடுத்தேன். காகிதம் ஒட்டி, இரண்டு கையெழுத்துப் போட்டு, நூல் சுற்றினோம். அதன் முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது நீங்கள்தான் அரூரில் இருப்பீர்கள். எந்த முடிவாக இருந்தாலும், முருகேசனின் பாட்டிலையும் ஓட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் வேலை. வருகிற வியாழக்கிழமை சித்தேரி போகும் காலைப் பேருந்தில் நீங்கள் மூவரும் ஏறுவீர்கள். மாதம்மாளும் முருகேசனும் உங்களோடு வருகிறார்கள். ஓடை தொடங்கும் இடம் வரை நடக்க வேண்டும். அங்கே பட்டறை கிடையாது, ஆலை கிடையாது. சாமையும் கேழ்வரகும் விளையும் காடுகள், அதற்குமேல் மரம். அங்கேயும் அந்தக் 'கொஞ்சம்' இருந்தால், யார்மேல் சந்தேகப்படுவது என்று எனக்கு இப்போது தெரியவில்லை. மழையாக இருக்கலாம். மேலே போகும் வண்டிகளில் போர்த்திய தார்ப்பாயாக இருக்கலாம். நம் பாட்டிலாகவே இருக்கலாம். ஒருவரையும் முன்கூட்டி மனதில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். மாதம்மாள் உங்கள் பையைக் கொட்டச் சொல்வார், கொட்டுங்கள். மழை வந்தால் கவலைப்பட வேண்டாம். அலமாரியில் மூன்று சணல் கோணிகள் மடித்து வைத்திருக்கிறேன். அவற்றையும் அலசிச் சோதித்தாயிற்று.

அதே வியாழக்கிழமை, அதே நேரம், நான் ஆற்றின் மறு முனையில் முகத்துவாரத்தில் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருப்பேன். ஆற்றின் இரண்டு முனையிலும் ஒரே நாளில் எடுப்பது இதுதான் முதல்முறை. நேற்று படகோட்டியை அழைத்துச் சொன்னேன்.

"இந்தத் தடவ உங்களுக்கும் ஒரு பாட்டில் உண்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா? நான் என்ன சோதிக்கவா போறேன்?"

"வெச்சிருக்கறதுக்குங்க."

அந்தப் பக்கம் துடுப்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மூடியில யாரு கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்," என்றேன்.